ஷாதிபூரில் ஒரு லேப்டாப், 16,569 எழுத்துகள்: பயோஇன்ஃபர்மேட்டிக்ஸை எப்படிச் சொல்லித் தருவது?

சின்னக் கணக்கு ஒன்றிலிருந்து ஆரம்பிக்கலாம். நம் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வில் சுமார் 16,569 எழுத்துகள். ஏ, சி, ஜி, டி என்ற நாலே எழுத்துகள்தான் மாறி மாறி வரும். டெக்ஸ்ட் ஃபைலாகச் சேமித்தால் 17 கேபி. காலையில் சித்தப்பா குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடும் ‘குட் மார்னிங்’ படம் இதைவிடப் பல மடங்கு பெரியது.

இந்த 17 கேபி ஃபைலை வைத்து ஒரு மாணவிக்கு எவ்வளவு சொல்லித் தர முடியும்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். வீடு அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேரில், ஷாதிபூர் பகுதியில். (2024 செப்டம்பரில் நகரத்தின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான் அதிகம்.) கைதிகள் குடியேற்றக் காலத்தில், கல்யாணம் செய்துகொண்ட கைதிகளைக் குடிவைத்த இடம் என்பதால் ‘ஷாதி’பூர் என்று அங்கே சொல்வார்கள். 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். ஆகவே நம் மாணவி தமிழ்ப் பெண். பி.எஸ்சி. விலங்கியல், இரண்டாம் ஆண்டு. பைத்தான் கொஞ்சம் தெரியும்.

ஏன் சென்னையோ கோவையோ இல்லாமல் அந்தமான்? உலகமே வந்து ஆராய்ந்த சில கேள்விகள் அவள் வீட்டைச் சுற்றியே கிடக்கின்றன. அவற்றின் தரவு இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. அதை அலசியவர்கள் பெரும்பாலும் ஹைதராபாத், பாஸ்டன், குன்மிங் என்று வேறு எங்கோ உட்கார்ந்து அலசியவர்கள்.

பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் என்றால் என்ன?

சுருக்கமாகச் சொன்னால், உயிரியல் தரவைக் கணினியில் படிக்கும் வேலை. டி.என்.ஏ. வரிசை, புரத வரிசை, புரதத்தின் வடிவம் எல்லாம் தரவு. இதில் இந்தியா பின்னால் வந்த நாடு கிடையாது. உயிரித் தொழில்நுட்பத் துறை 1980களின் பிற்பாதியிலேயே நாடு தழுவிய உயிரித்தகவல் மையங்களைத் தொடங்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆரம்பகால மையங்களில் ஒன்று. அதற்கும் முன்னால், 1963இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் அவர் குழுவும் வரைந்த ‘ராமச்சந்திரன் பிளாட்’ இன்றைக்கும் உலகம் முழுக்கப் புரத வடிவங்களைச் சரிபார்க்கப் பயன்படுகிறது.

பிரச்சினை பாடம் நடத்தும் விதத்தில் இருக்கிறது. “பிளாஸ்ட் என்பதன் விரிவாக்கம் எழுதுக, 2 மதிப்பெண்” என்கிற ரகம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆய்வகத்தில் ஒரு வரிசையை காப்பி, பேஸ்ட், கிளிக். வந்த திரையைப் படம் எடுத்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டினால் கையெழுத்து. அந்தத் திரை என்ன கேள்விக்கான பதில் என்று கேட்டால் மௌனம்தான்.

கேள்வியிலிருந்து தொடங்கினால்?

பிரச்சினையை முதலில் கொடுத்துவிட்டு, அதைத் தீர்க்கத் தேவைப்படும் பாடத்தை மாணவரே தேடிப்போக வைக்கும் முறை 1969இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் பெரிய அளவில் தொடங்கியது. பெயர்: பிராப்ளம் பேஸ்டு லேர்னிங். வரலாறு இவ்வளவு போதும். ஷாதிபூருக்கு வருவோம்.

2005 மே மாதம் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு சிறிய கட்டுரை வந்தது. ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் உள்ளிட்ட குழு எழுதியது. ஓங்கே 5 பேர், கிரேட் அந்தமானியர் 5 பேர், நிக்கோபாரியர் 5 பேர் என 15 பேரின் முழு மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வையும் அவர்கள் படித்திருந்தார்கள். இந்த டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் என்பதால், தாய்வழி வம்சத்தைப் பின்னோக்கித் தேட வசதி. ஓங்கே, கிரேட் அந்தமானியர் ஆகியோரிடம் எம்31, எம்32 என்ற தனிக் கிளைகள் தெரிந்தன. நிக்கோபாரியர் தென்கிழக்கு ஆசியாவோடு சேர்ந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்கள் வெளியேறிய ஆரம்ப அலையிலேயே வந்து, தீவில் தனித்து வாழ்ந்தவர்கள் ஓங்கே, கிரேட் அந்தமானியரின் மூதாதையர் என்பது கட்டுரையின் வாதம்.

நம் மாணவிக்குக் கொடுக்க வேண்டிய கேள்வி இப்போது தயார்: “இந்த வாதம் சரியா? நீயே பார்த்துச் சொல்.”

அவள் என்ன செய்வாள்? ஜென்பேங்க் என்னும் பொதுத் தரவுக் கிடங்கிலிருந்து அந்த 15 வரிசைகளை இறக்குவாள். ஒப்பிட ஒரு மூல வரிசை வேண்டும். எல்லோரும் பயன்படுத்துவது ‘கேம்பிரிட்ஜ் வரிசை’. பத்து வரியில் ஒரு பைத்தான் நிரல்: இரண்டு வரிசைகளையும் முதல் எழுத்திலிருந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேறுபடும் இடங்களை எண்ணு. ரன் பண்ணுகிறாள். ஆயிரக்கணக்கில் வேறுபாடு வந்து விழுகிறது.

அவளுக்குத் தூக்கிவாரிப்போடும். மனிதருக்கு மனிதர் இவ்வளவு வித்தியாசமா?

இல்லை. கேம்பிரிட்ஜ் வரிசையை முதன்முதலில் 1981இல் வெளியிட்டபோது அதில் ஒரு எழுத்து தவறுதலாகக் கூடுதலாக நுழைந்துவிட்டது. 1999இல் திருத்தினார்கள். ஆனால் அந்த எழுத்தை எடுத்துவிட்டால் அதற்குப் பிறகு வரும் எல்லா இடங்களின் எண்ணும் ஒன்று குறையும். அதுவரை வந்த ஆய்வுக் கட்டுரைகளின் எண்கள் எல்லாம் பொருந்தாமல் போகும். அதனால் 3,107ஆம் இடத்தில் ‘என்’ என்று ஒரு வெற்றிடக் குறி போட்டு வைத்தார்கள். ஓங்கே வரிசையில் அந்தக் குறி இருக்காது. போதாக்குறைக்கு, உலகில் மிகப் பலருக்கு 315ஆம் இடத்தை ஒட்டி ஒரு ‘சி’ கூடுதலாக இருக்கும். ஒரு எழுத்து தள்ளிப்போனால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் தப்பாகத்தான் தெரியும். சினிமா தியேட்டரில் ஒருவர் சீட் மாறி உட்கார்ந்தால் மொத்த வரிசையும் எழுந்து நிற்குமே, அந்தக் கதைதான்.

வரிசைகளை நேர்படுத்தி ஒப்பிடும் ‘அலைன்மென்ட்’ எதற்கு என்று இந்த இடத்தில்தான் அவளுக்கே தோன்றும். இடைவெளி விட்டுப் பொருத்தலாம், ஆனால் ஒவ்வொரு இடைவெளிக்கும் மதிப்பெண் குறையும் என்கிற நீடில்மேன், வுன்ஷ் முறையை (1970) அந்த நாளில் சொல்லிக்கொடுங்கள். அரை மணி நேரம் போதும். பாடத்திட்டப்படி ஆகஸ்ட் மாதமே கரும்பலகையில் நடத்தியிருந்தால் கொட்டாவிதான் வந்திருக்கும்.

நேர்படுத்திய பிறகு வேறுபாடு சில டஜன் இடங்களாகச் சுருங்கிவிடும். அடுத்த கேள்வி: இந்த வேறுபாடுகள் ‘குறை’யா? கேம்பிரிட்ஜ் வரிசை ஒரு ஐரோப்பியருடையது. ஒப்பிட ஏதோ ஒன்று வேண்டும் என்பதற்காக வைத்த அளவுகோல். சரியான மனிதர் என்று எவருடைய டி.என்.ஏ.வுக்கும் முத்திரை கிடையாது. இதை வகுப்பில் சொல்லி மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, “ஓங்கேயை மூலமாக வைத்துத் திருப்பி ஓட்டிப் பார்” என்று சொல்வது மேல். எண்ணிக்கை அதேதான் வரும்.

கடைசியாக, அந்த வாதம். 2005 குழு இந்தியப் பெருநிலத்திலிருந்து சுமார் 6,500 பேரின் மைட்டோகாண்ட்ரியா தரவோடு ஒப்பிட்டு, இந்தத் தனிக் கிளைகள் அங்கே இல்லை என்றது. 2006இல் அதே ‘சயின்ஸ்’ இதழில் இன்னொரு குழு, எம்31 கிளையின் உறவை வடகிழக்கு இந்தியாவில் கண்டதாக எழுதியது. மூதாதையர் பிற்காலத்தில் அந்தப் பக்கமிருந்து நிலவழியாகவும் கடல்வழியாகவும் இறங்கியிருக்கலாமே என்ற விவாதம் 2011 வரைக்கும் புதிய கட்டுரைகளோடு நீண்டது. 6,500 பேரில் இல்லை என்பதால் எங்கேயுமே இல்லை என்று ஆகிவிடாது. கருத்துக்கணிப்பு மேசையில் உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த ஒரு விஷயத்தைப் புரிய வைக்க எங்கள் துறையில் படாத பாடு படுகிறோம்.

‘இதில் எனக்கென்ன?’ என்று சென்னையில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் கேட்கலாம். 2009இல் டேவிட் ரைக், தங்கராஜ், லால்ஜி சிங் முதலானோர் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை, இன்றைய இந்தியர்களில் பெரும்பாலோர் இரண்டு பழைய மக்கள்தொகைகளின் கலவை என்றது. அவற்றில் தென்னிந்தியரிடம் அதிகம் காணப்படும் மூதாதையருக்குத் தூரத்து உறவாக அவர்கள் கையில் கிடைத்தவர்கள் ஓங்கே மக்கள். நம் கதையின் ஒரு பக்கம் லிட்டில் அந்தமானில் இருக்கிறது.

நோட்டை மூடிவிட்டு ‘நீங்களே கண்டுபிடியுங்கள்’ என்றால் போதுமா?

போதாது. இங்கேதான் பல கல்லூரிகள் சறுக்குகின்றன. 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூன்று கல்வியியலாளர்கள், வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் புதியவர்களுக்கு வேலை செய்வதில்லை என்று கடுமையாக வாதிட்டார்கள். என் கருத்தும் அதை ஒட்டியதுதான். ஒன்றுமே தெரியாதவரிடம் திறந்த கேள்வியைக் கொடுத்தால் அவர் யூடியூபில் மூன்று நாள் சுற்றிவிட்டு யாருடைய ப்ராஜெக்ட்டையாவது வாங்கிக்கொண்டு வருவார். மேலே சொன்ன உதாரணத்தில், மாணவி எந்த இடத்தில் தடுக்கி விழுவாள் என்று ஆசிரியருக்கு முன்பே தெரியும். விழுந்தவுடன் கை கொடுக்கவும் அவர் தயாராக இருக்கிறார். ப்ராஜெக்ட் வகுப்புக்கு உழைப்பு அதிகம் என்று ஆசிரியர்கள் சொல்வது இதனால்தான்.

கையைப் பிடித்து நடக்கும் பருவத்துக்கு ‘ரோசலிண்ட்’ என்ற இலவசத் தளம் நல்லது. டி.என்.ஏ. அமைப்பைப் படம்பிடித்த ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் பெயரில் 2012இல் வந்தது. முதல் கணக்கு, ஒரு வரிசையில் ஏ, சி, ஜி, டி எத்தனை என்று எண்ணுவது. அங்கிருந்து படிப்படியாகக் கடினமாகும். ஒவ்வொருவருக்கும் தரவு வேறு; இறக்கியதும் 5 நிமிடத்துக்குள் பதில் போட வேண்டும். பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுத வழியில்லை.

இந்தியாவில் பெரிய அளவில் யாராவது செய்து பார்த்திருக்கிறார்களா?

செய்தார்கள். சி.எஸ்.ஐ.ஆர். 2008 செப்டம்பரில் ‘ஓப்பன் சோர்ஸ் டிரக் டிஸ்கவரி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. காசநோய்க்கு மருந்து தேடும் வேலையை மென்பொருள் உலகின் திறந்த மூல பாணியில் செய்வது நோக்கம், அப்போது சி.எஸ்.ஐ.ஆர். தலைமை இயக்குநர் சமீர் பிரம்மச்சாரி. காசநோய்க் கிருமியின் ஜீனோம் 1998லேயே வெளிவந்துவிட்டது. சுமார் 44 லட்சம் எழுத்துகள், ஏறத்தாழ 4,000 மரபணுக்கள். அவற்றில் பலவற்றின் வேலை என்ன என்று எழுதப்படாமலே கிடந்தது.

‘கனெக்ட் டு டிகோட்’ என்ற பெயரில் நாடெங்கும் கல்லூரி மாணவர்களை அழைத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தார்கள். ஆளுக்குச் சில மரபணுக்கள். அந்த மரபணுவைப் பற்றி இதுவரை வந்த ஆய்வுகளைத் தேடிப் படி, அதன் புரதம் என்ன செய்கிறது, எதோடு சேர்கிறது என்று பொது ஆவணத்தில் எழுது. சின்ன ஊர்க் கல்லூரி மாணவரும் இதில் பங்கெடுக்க முடிந்தது. 2010 ஏப்ரலில் முடிவுகளை அறிவித்தார்கள். சக ஆய்வாளர்கள் மதிப்பிட்ட கட்டுரை ‘பிளோஸ் ஒன்’ இதழில் 2012இல்தான் வந்தது. அறிவிப்பு முந்திக்கொண்டதை நான் குறையாகவே பார்க்கிறேன். மருந்துக் கடையில் புதிய மாத்திரை எதுவும் இதனால் வந்துவிடவில்லை, திட்டத்தின் வேகமும் பின்னாளில் நீடிக்கவில்லை. ஆனால், விடை யாருக்கும் தெரியாத ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வுக் கட்டுரை படிக்கும் அனுபவம் இந்திய இளநிலை மாணவருக்கு எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

ஊர்க்காய்ச்சல் ஒரு ப்ராஜெக்ட்

வம்சாவளி பிடிக்காதவர்களுக்கு நோய். 1988 முதல் வடக்கு அந்தமானின் டிக்லிபூர் பகுதியில், மழைக்காலம் முடியும் நேரத்தில் ஒரு காய்ச்சல் வரத் தொடங்கியது. நுரையீரலில் ரத்தக்கசிவு, மரணங்கள். காரணம் தெரியாததால் ‘அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்றே பெயர் வைத்தார்கள். வைரஸாக இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தது. கடைசியில், போர்ட் பிளேர் டாலிகஞ்சில் உள்ள ஐ.சி.எம்.ஆர். மண்டல ஆய்வு மையம் 1990களின் நடுவில் காரணத்தைக் கண்டுபிடித்தது: லெப்டோஸ்பைரா. அதாவது, எலிக்காய்ச்சல். வேடிக்கை என்னவென்றால், 1931லேயே டெய்லர், கோயல் என்ற இருவர் அந்தமான் எலிக்காய்ச்சல் பற்றி விரிவான ஆய்வேடு ஒன்றை வெளியிட்டிருந்தார்கள்.

மாணவிக்கான கேள்வி: இந்தக் கிருமியை அடையாளம் காண எந்த மரபணுவைத் தேடலாம்? நோய் தரும் லெப்டோஸ்பைராவின் மேலுறையில் மிக அதிகமாக இருக்கும் புரதம் லிப்எல்32, 272 அமினோ அமிலங்கள். அதன் வரிசையை பிளாஸ்டில் போட்டால் நோய் தரும் இனங்களில் ஏறத்தாழ மாறாமல் வரும். தண்ணீரில் சும்மா வாழும் லெப்டோஸ்பைரா பைஃப்ளெக்ஸாவில் வராது. “அப்போ நோய்க்குக் காரணமே இதுதான்!” என்று அவள் எழுதுவாள். நானும் எழுதியிருப்பேன்.

2009இல் இந்த மரபணுவைச் செயலிழக்கச் செய்து வெள்ளெலிகளில் சோதித்தார்கள். கிருமியின் வீரியம் குறையவில்லை. லிப்எல்32 நோயைக் கண்டறிய நல்ல அடையாளம், நோய்க்குக் காரணம் அது என்று காட்ட முடியவில்லை. ஒன்றோடு ஒன்று சேர்ந்து வருவதற்கும், ஒன்று இன்னொன்றை உண்டாக்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்தச் சறுக்கலுக்குப் பிறகு அவள் மறக்க மாட்டாள்.

நெட் வேண்டாமா?

வேண்டும், ஆனால் நினைக்கிற அளவுக்கு அல்ல. 64 கேபிபிஎஸ் என்ற பழைய வேகத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மைட்டோகாண்ட்ரியா வரிசை ஒன்று 2 நொடியில் இறங்கும். லெப்டோஸ்பைராவின் முழு ஜீனோம் சுமார் 46 லட்சம் எழுத்து, பத்து நிமிடம். ஒரு மனிதரின் முழு ஜீனோமைப் படித்த கச்சாத் தரவு 100 ஜிபி என்று வைத்தால்? கிட்டத்தட்ட 145 நாள். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இதுவே இரண்டேகால் மணி நேரம்.

அந்தமான் பல ஆண்டுகள் செயற்கைக்கோள் இணைப்பை நம்பியே இருந்தது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் போர்ட் பிளேரையும் இணைக்கும் கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2,300 கி.மீ., செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். சென்னை–போர்ட் பிளேர் தடத்தின் திறன் இரண்டு 200 ஜிபிபிஎஸ். ஆகவே, பெரிய தரவும் இன்று கைக்கெட்டும். அதுவும் ‘கேலக்ஸி’ போன்ற இலவசத் தளங்களில் கணக்கீடு அவர்களுடைய சர்வரிலேயே நடக்கும். லேப்டாப்பில் பிரவுசர் திறந்தால் போதும். போர்ட் பிளேரின் ஜே.என்.ஆர்.எம். கல்லூரி 1967இல் தொடங்கியது. அது பல பத்தாண்டுகள் இணைந்திருந்த புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸுக்கென்றே தனி மையம் இருக்கிறது. மேலே சொன்ன இரண்டு ப்ராஜெக்ட்டுகளுக்கும் சேர்த்துத் தேவைப்படும் டேட்டா, ஒரு ரீல்ஸ் பார்க்கும் நேரத்துச் செலவு.

நீங்கள் ஐ.டி.யில் இருந்தால்...

பல கல்லூரிகளில் உயிரியல் ஆசிரியருக்கு நிரல் எழுத வராது, நிரல் தெரிந்தவருக்கு உயிரியல் வராது. வாரம் ஒரு மணி நேரம் வீடியோ அழைப்பில் உட்கார்ந்து “இந்த லூப் ஏன் நிற்கவில்லை” என்று பார்த்துக்கொடுக்க உங்களால் முடியும். உங்களுக்குச் சாதாரணமான விஷயங்கள் அங்கே பெரிய உதவி. உதாரணம் எக்செல். மார்ச்1, செப்ட்2 என்றெல்லாம் மரபணுக்களுக்குப் பெயர் உண்டு. எக்செல் அவற்றைத் தேதியாக மாற்றிவிடும். 2016இல் வந்த ஓர் ஆய்வு, எக்செல் மரபணுப் பட்டியலோடு வெளியான கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாகச் சொன்னது. எக்செல் மசியவில்லை, 2020 வாக்கில் மரபணுக்களின் பெயரையே மார்ச்எஃப்1, செப்டின்2 என்று மாற்றிவிட்டார்கள். சி.எஸ்.வி. ஃபைலை எப்படித் திறப்பது என்று நீங்கள் சொல்லிக்கொடுக்கும் ஐந்து நிமிடம் ஒரு செமஸ்டரைக் காப்பாற்றும்.

ப்ராஜெக்ட் அறிக்கையில் கடைசிப் பக்கம் ஒன்று கட்டாயம் வேண்டும் என்று நினைக்கிறேன். 2011 கணக்கெடுப்பில் ஓங்கே மக்கள் 101 பேர், கிரேட் அந்தமானியர் 44 பேர். இவ்வளவு சிறிய சமூகத்தில் ஐந்து பேரின் டி.என்.ஏ. என்றால், பெயர் போடாவிட்டாலும் அது கிட்டத்தட்ட ஒரு குடும்பத்தின் கதை. கிரேட் அந்தமானியர் போர்ட் பிளேருக்கு வந்தால் தங்க ‘ஆதி பசேரா’ என்ற விடுதி அந்த நகரத்திலேயே இருக்கிறது. 2020இல் அவர்களில் சிலருக்குக் கொரோனா வந்தது செய்தியானது. ஷாதிபூர் மாணவிக்கு இவர்கள் ஜென்பேங்க் எண்கள் கிடையாது, ஒரே ஊர்க்காரர்கள். சம்மதம் யாரிடம், எந்த மொழியில் கேட்கப்பட்டது, முடிவுகளை அவர்களிடம் யாராவது போய்ச் சொன்னார்களா என்று மூலக் கட்டுரைகளில் தேடி, கிடைத்ததை, கிடைக்காததை அந்தப் பக்கத்தில் அவள் எழுத வேண்டும். நூற்றுக்கு 20 மதிப்பெண் அதற்கு.